பதினான்கு சட்டி மிச்சம்

ஒரு சுவர் உள்ளே நிறைந்திருக்கிறதா என்று அறிய மேஸ்திரியிடம் முப்பது ஆண்டுகளாக ஒரே ஒரு வழிதான் இருந்தது. கான்கிரீட் இறுகி, வார்ப்புப் பலகையைப் பிரித்த மறுநாள், சுத்தியலின் கைப்பிடியால் சுவரைத் தட்டிக் காதைச் சாய்ப்பார். நிறைந்த சுவர் வெடுக்கென்று பதில் சொல்லும். உள்ளே பொந்து விழுந்த சுவரோ, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் போலச் சற்றே இழுத்துப் பதில் சொல்லும். அந்த இழுப்பு எவ்வளவு சிறியதானாலும் அவர் காதுக்குத் தப்பாது.

ஆனால் நர்ஸம்மாவின் வீட்டுச் சுவர்கள் வாயையே திறக்கவில்லை.

திறக்க வழியில்லாதபடி கட்டப்பட்ட சுவர்கள் அவை. செங்கல்லுக்குப் பதில் தெர்மாகோல் கட்டைகள். ஒவ்வொன்றும் மூடியும் அடியும் இல்லாத பெட்டியைப் போல நடுவில் வெறுமையாக இருக்கும். பிள்ளைகள் விளையாட்டுக் கட்டைகளை அடுக்குவதுபோல் அவற்றை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, நடுவில் இரும்புக் கம்பி நிறுத்தி, மேலிருந்து கான்கிரீட்டை ஊற்ற வேண்டும். இறுகிய பிறகு பிரிப்பதற்குப் பலகையே கிடையாது. தெர்மாகோல் இரண்டு பக்கமும் கம்பளி போர்த்தினாற்போல் அங்கேயே நிலைத்துவிடும். வெளியே அடிக்கும் வெயில் உள்ளே வராது. உள்ளே இருக்கும் குளிர்ச்சி வெளியே போகாது. தெருவின் இரைச்சல் பாதி வழியிலேயே களைத்துப்போகும். மின்விசிறிக்கும் குளிர்சாதனத்துக்கும் ஓய்வு கிடைக்கும். இவ்வளவையும் இன்ஜினியரம்மா பொறுமையாக விளக்கியபோது மேஸ்திரி தலையாட்டி ஏற்றுக்கொண்டார். ஒன்றை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. தான் ஊற்றியதைத் தன் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் அது.

சனிக்கிழமை சுவர்களுக்குக் கான்கிரீட் ஊற்றியாயிற்று. இன்று புதன். கூரைக்கான பலகையும் கம்பியும் தயார். நாளைக் காலை ஏழு மணிக்குப் பம்ப் வண்டி வந்துவிடும். கூரையின் முழுப் பாரமும் இந்த வாய் திறவாச் சுவர்களின் தலையில் ஏறிவிடும். பிறகு எதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

நான்கு நாளாக அவரை அரித்துக்கொண்டிருந்தது பதினான்கு சட்டிக் கான்கிரீட்.

மேஸ்திரி கணக்குப் போட்டுக் கலவை வரவழைத்தால் வேலை முடிவில் இரண்டு சட்டிதான் மிஞ்சும். அதற்கு மேல் மிஞ்சியதுமில்லை, பற்றாமல் போனதுமில்லை. சனிக்கிழமையன்று பம்ப் தொட்டியை வழித்தபோது பதினான்கு சட்டி வந்தது. வீணாக்க மனமில்லாமல் வாசலில் நான்கு பலகையை அடித்து ஒரு படியாக வார்த்துவிட்டார்கள். இன்ஜினியரம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

“பாத்தீங்களா மேஸ்திரி? எங்கயும் உப்பல, ஒழுகல. உங்க பழைய கணக்கெல்லாம் இந்தச் சுவருக்குச் செல்லாது!”

அப்போது அவரும் சேர்ந்து சிரித்தார். வீடு போய்ச் சேருமுன் சிரிப்பு வற்றிவிட்டது. கட்டையின் உள்ளளவு ஒரு நூல்கூடப் பிசகாதது. உப்பாது, ஒழுகாது என்பதையெல்லாம் கழித்துத்தானே அவர் கணக்கே போட்டார்? அப்படியானால் பன்னிரண்டு சட்டிக் கான்கிரீட், போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வாசலில் படியாகப் படுத்திருக்கிறது.

அன்று முதல் அவர் விரல்கள் ஓயவில்லை. கதவைத் தட்டின, மேசையைத் தட்டின, பேருந்தில் முன்னிருக்கையின் முதுகைத் தட்டி ஒரு பெரியவரிடம் முறைப்பு வாங்கின.

“சாப்பாட்டுத் தட்டையுமா தட்டிப் பாக்கணும்?” என்றாள் அவர் மனைவி, புதன்கிழமை காலை. “உள்ள பொந்து ஒண்ணும் இல்ல. நான்தான் பரிமாறினேன். நம்பிச் சாப்பிடலாம்.”

“விளையாடாதே.”

“என் தம்பி ஏதாவது தப்புப் பண்ணிட்டானா? அதைச் சொல்லிடுங்க முதல்ல.”

மேஸ்திரி எழுந்து கை கழுவினார். அவள் தம்பிதான் அந்த வேலையின் தச்சர். எதை மாட்டினாலும் மட்டம் பார்க்காமல் விடமாட்டார். அடுத்தவர் வீட்டுச் சுவரில் படம் கோணலாகத் தொங்கினால்கூட எழுந்துபோய்ச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவார். ஆகையால் ஊரெல்லாம் அவருக்கு ரசமட்டம் என்றே பெயர்.

மேஸ்திரி வேலையிடத்துக்கு வந்தபோது நர்ஸம்மா வாசல் படியில் நின்றுகொண்டிருந்தார். இரவு வேலை முடிந்து, கண்ணில் தூக்கத்தைச் சுமந்தபடி நேராக இங்கே வந்திருந்தார். பதினோர் ஆண்டுகளாக அவர் தூங்குவது பகலில். ஜன்னலில் போர்வையை ஆணியடித்து மாட்டியும், காதில் பஞ்சடைத்தும், ஈரத்துணியை நெற்றியில் போட்டும் தூங்கிப் பார்த்தவர். பகலைப் பகலாகவே விட்டுவிட்டு அதற்குள் ஓர் இரவைக் கட்டித் தாருங்கள் என்பதுதான் அவர் இன்ஜினியரம்மாவிடம் கேட்டது.

“படி நல்லா அமைஞ்சிருக்கு அண்ணா,” என்றார் அவர். “இது வரைபடத்துல இல்லையே?”

“மிச்சத்துல போட்டதும்மா,” என்றார் மேஸ்திரி. சொல்லும்போதே நாக்கு கசந்தது.

நர்ஸம்மா உள்ளே போய்ப் படுக்கையறையில் நின்றார். இரண்டு ஜன்னல்கள், நடுவில் இரண்டடி அகலத்தில் ஒரு சுவர்த்துண்டு. அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“கட்டிலோட தலைமாடு இங்கதான் வரும். உள்ள முழுசா கான்கிரீட்தானே அண்ணா? தொட்டா ஐஸ் பெட்டி மாதிரி இருக்கா, அதான் கேட்டேன்.”

“நானே நின்னு ஊத்தினேன்மா. நீங்க கவலைப்படாமப் போய்த் தூங்குங்க.”

அவர் நம்பிப் போய்விட்டார். நம்பிக்கையை வாங்கிக்கொண்ட மேஸ்திரிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சரிபார்ப்புத் தாளை எடுத்துப் புரட்டினார். கான்கிரீட் ஊற்றுமுன் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு வரி: ‘அடிப்பலகையில் திறப்பு உள்ளது’. ஜன்னலின் கீழ்ப்பகுதிக்குக் கான்கிரீட் இறங்க வேண்டுமானால் அடிப்பலகையின் நடுவில் ஒரு திறப்பு விட வேண்டும். அது இல்லாவிட்டால் ஜன்னலுக்குக் கீழே காற்றுதான் குடியிருக்கும். எல்லா வரியிலும் அவர் கையால் ‘சரி’ போட்டிருந்தது. சமையலறை வரியிலும் போட்டிருந்தது. ஆனால் அந்தத் திறப்பை அவர் பார்க்கவில்லை. பம்ப் வண்டி அரைமணி முன்னதாக வந்து ஹாரன் அடிக்க, ஓட்டத்தில் போட்ட ‘சரி’ அது. அவருக்கு இப்போது பளிச்சென்று நினைவு வந்தது. சமையலறைக்கு ஓடினார்.

சமையலறை ஜன்னலின் அடிப்பலகை எந்தத் திறப்பும் இல்லாமல், அழகாக, ஒரே துண்டாக இருந்தது.

“மச்சான்!”

ரசமட்டம் கூரைப் பலகையிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்ன மாமா, தீப்பிடிச்ச மாதிரி கத்துறீங்க?”

“இறங்கு கீழ. சமையலறை ஜன்னல்ல விட்ட திறப்பை யாரு அடைச்சது?”

“நான்தான்.”

“ஏன்?”

“பல்லு விழுந்த வாய் மாதிரி இருந்துச்சு. யாரோ மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்.”

“அது கான்கிரீட் போற வழிடா! அழகு பாக்குற இடமா அது? பன்னெண்டு சட்டி, மச்சான், பன்னெண்டு சட்டி! நாலு நாளா நான் சோறு தண்ணி இல்லாமத் திரியறேன்!”

“அக்கா மூணு இட்டிலி கூடவே சாப்பிட்டதாச் சொல்லிச்சே?”

சுற்றியிருந்த ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார்கள். ரசமட்டம் நிதானமாக ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்தார்.

“கோவிச்சுக்காம முழுசாக் கேளுங்க மாமா. அடைச்சது நிஜம். கான்கிரீட் சுத்தி வரும்போது பாத்தேன், மத்த ஜன்னல்ல எல்லாம் திறப்பு வழியாப் பொங்கி எட்டிப் பாக்குது, இதுல பாக்கல. அப்பதான் உறைச்சுது. உடனே பலகையைப் பேத்து எடுத்து, நிறைய ஊத்தி, குத்திவிட்டு, மறுபடி அடைச்சேன். நீங்க அப்போ அந்தப் பக்கம் படுக்கையறைகிட்ட இருந்தீங்க.”

“நான் எப்படி நம்பறது?”

“நம்ப வேண்டாம். குத்திப் பாருங்க.”

அந்தச் சொல்தான் மேஸ்திரிக்கு வழிகாட்டியது. தட்டினால் பேசாத சுவர் குத்தினால் பேசும் அல்லவா? தெர்மாகோல் நான்கு விரல் கனம். நீளமான மெல்லிய கம்பி ஒன்று அதைத் துளைத்துப் போனால், உள்ளே கான்கிரீட் இருந்தால் முட்டி நிற்கும். இல்லையென்றால் போய்க்கொண்டே இருக்கும். அவர் கண் வேலியோரம் சாய்ந்திருந்த சைக்கிளின் மேல் விழுந்தது.

“மாமா, வேண்டாம். அது என் சைக்கிள்.”

“ஒரே ஒரு கம்பி, மச்சான்.”

“ஒரு கம்பி போனா சக்கரம் கோணும். நான் கோணல் சக்கரத்துல போனா ஊர் என்ன பேசும்?”

பேசட்டும் என்று மேஸ்திரி சக்கரத்தின் கம்பியொன்றைக் கழற்றி, முனையைக் கல்லில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். ஜன்னலுக்குக் கீழே ஒரு குத்து. டிக். சாண் தள்ளி இன்னொரு குத்து. டிக். இடம், வலம், மூலை, அடி. எல்லா இடத்திலும் டிக், டிக், டிக். ரசமட்டம் கைகட்டி நின்று, மணமேடையில் மாப்பிள்ளை நிற்பதுபோல் மலர்ந்து நின்றார்.

“இப்போ என்ன சொல்றீங்க?”

“தப்பாப் பேசிட்டேன் மச்சான்.”

“அக்காகிட்ட இதே குரல்ல சொல்லுங்க. அது போதும்.”

வேறொருவராக இருந்திருந்தால் அத்தோடு கம்பியை வீசிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார். மேஸ்திரியும் வெளியே வந்தார். தேநீர்க் குவளையைக் கையில் வாங்கினார். வாசல் படி எதிரே இருந்தது. அதன் நீளத்தையும் அகலத்தையும் அவர் கண்கள் தாமாகவே அளந்தன. பதினான்கு சட்டியில் இரண்டைக் கழித்தால் பன்னிரண்டு. சமையலறை நிறைந்திருக்கிறது. பன்னிரண்டு அப்படியே நிற்கிறது. தேநீர் ஆறியது.

குவளையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கம்பியை எடுத்தார்.

முன்னறையைச் சுற்றி வந்தார், டிக். குளியலறையைச் சுற்றி வந்தார்; டிக். நடைவழி, சாமான் அறை, பின்கதவின் இருபுறம் என எல்லாம் டிக், டிக். ஆட்கள் சாப்பிடப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். அவர் தோள்பட்டை கடுத்தது. படுக்கையறையை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வைத்தார். அங்கே பார்க்கத் தேவையே இல்லை என்பது அவர் எண்ணம்.

ஒரு தோட்டத்தைக் காத்த நாயைப் பற்றி ஒரு கதை உண்டு. வேலியில் எங்கே ஓட்டை என்று தினமும் அது சுற்றிச் சுற்றி மோந்து பார்க்குமாம். முயல்களோ தினமும் உள்ளே வந்துபோகுமாம். கடைசிவரை அது மோந்து பார்க்காத இடம் ஒன்றே ஒன்று. எலும்பைப் புதைப்பதற்காக வேலியடியில் அது தானே தோண்டிய பள்ளம். அது தன்னுடையது ஆயிற்றே, அதில் என்ன சந்தேகம் என்று நாய் இருந்துவிட்டதாம்.

மணி மூன்றரை. மேஸ்திரி படுக்கையறையின் இரண்டு ஜன்னல்களுக்கு இடையில், காலையில் நர்ஸம்மா உள்ளங்கை வைத்த அதே இடத்தில், கடமைக்காக ஒரு குத்துக் குத்தினார்.

கம்பி போனது. நான்கு விரல் போனது, எட்டு விரல் போனது, அவர் கைமுட்டி தெர்மாகோலில் இடிக்கும்வரை போனது. ஒரு சத்தமும் இல்லை.

அவர் கம்பியை இழுத்து எடுத்தார். பிறகு பதற்றத்துடன் மேலே குத்தினார். தலையுயரத்தில்தான் டிக் என்றது. கீழே குத்தினார், முழங்காலுக்குக் கீழேதான் டிக் என்றது. நடுவில் மூன்றரை அடி உயரம், இரண்டடி அகலத்துக்கு, காற்று. பன்னிரண்டு சட்டிக் காற்று.

ஏன் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, யாரும் வருமுன், அவர் தனியாக ஏணியில் ஏறினார். வரைபடத்தில் அந்தச் சுவர்த்துண்டுக்கு நான்கு கம்பி. இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே நின்று கூரையைத் தாங்க வேண்டிய இடம். அதன் அடியில் ஒரு பெண் தலைவைத்துப் படுக்கப்போகிறாள். இந்தத் தெர்மாகோலை நம்பி நான்கே கம்பியா? மனம் கேட்கவில்லை. இன்னும் நான்கு கம்பிகளை மேலிருந்து இறக்கிக் கட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஆறு அங்குல இடுக்கில் எட்டுக் கம்பிகள் நெருக்கியடித்து நின்றன. கான்கிரீட்டின் ஜல்லி அவற்றுக்கிடையே சிக்கி அடைத்துக்கொண்டது. கான்கிரீட்டை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டர் குழாயை விட்டபோது அது கம்பியில் முட்டி மேலேயே நின்றதும் நினைவுக்கு வந்தது. பரவாயில்லை, இருப்பதிலேயே பலமான இடம் இதுதான் என்று சொல்லிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டார்.

வீடு முழுதும் நிறைந்திருந்தது. அவர் கூடுதல் அக்கறை காட்டிய ஓரிடம் மட்டும் காலி.

குத்திய துளைகளைப் பார்த்தார். கொசு கடித்த அளவுகூட இல்லை. விரலால் அழுத்தித் தேய்த்தால் மறைந்துவிடும். நாளை கூரை ஏறிவிடும். அடுத்த வாரம் பூச்சு ஏறிவிடும். இந்தச் சுவர் ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. கூரை நாளைக்கே விழுந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. ஓர் ஆண்டு நிற்கலாம், பத்து ஆண்டும் நிற்கலாம். அந்தப் பத்து ஆண்டும் பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் எங்கே இருந்தாலும், இந்தச் சுவரடியில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள்.

“என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” ரசமட்டம் அறைவாசலில் நின்றார். மேஸ்திரி நடுத் துளையில் கம்பியை மறுபடி விட்டார். அது முழுதும் சுவருக்குள் போவதைப் பார்த்ததும் ரசமட்டத்தின் முகம் மாறியது. “ஐயோ.”

“நீ மேல போய் ஆளுங்களை நிறுத்து. நாளைக்குக் கூரை இல்ல.”

“இன்ஜினியரம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க? கலவை சரியில்லன்னு சொல்லிடலாமே. நானும் ஆமான்னு சொல்றேன்.”

“காலையில உன்னைக் கத்தினேனே, அதுக்கே இன்னும் வெக்கமா இருக்கு. போ.”

நான்கரை மணிக்கு இன்ஜினியரம்மா வந்தபோது மேஸ்திரி அவரை உட்காரக்கூடச் சொல்லாமல் நேரே படுக்கையறைக்கு அழைத்துப்போனார். ரம்பத்தால் தெர்மாகோலைச் சதுரமாக அறுத்து எடுத்தார். உள்ளே எட்டுக் கம்பிகள் வெறுமையில் விலா எலும்புகளாக நின்றன.

இன்ஜினியரம்மா வெகுநேரம் எண்ணினார். ஒன்று முதல் எட்டு வரை எண்ண அவ்வளவு நேரம் ஆகாது.

“நான் வரைஞ்சது எத்தனை?”

“நாலு.”

“யாரைக் கேட்டு எட்டு போட்டீங்க?”

“யாரையும் கேக்கல மேடம். பலமா இருக்கட்டுமேன்னு.”

“நாலு போதும்னு எனக்குத் தெரியாதா? நான் சும்மா கோடு போட்டு விளையாடினேன்னு நெனச்சீங்களா?”

“உங்களை நம்பாம இல்ல. தெர்மாகோலை நம்பல.”

“அதை நம்பலைன்னா என்னையும் நம்பலைன்னுதான் அர்த்தம், மேஸ்திரி.” அவர் குரல் உயரவில்லை, அதுதான் வலித்தது. “அடுத்த நாலு வீட்டுக்கு உங்க பேரைத்தான் சொல்லி வெச்சிருந்தேன்.”

“இப்போ?”

“இப்போ ஜன்னல் தலைக்கு முட்டுக் கொடுங்க. இந்தத் துண்டை முழுசா உடைச்சு, நாலு கம்பியை வெட்டி எடுத்துட்டு, திரும்ப ஊத்துங்க. கூரை பத்து நாள் தள்ளிப் போகும். நர்ஸம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.”

“அது மட்டும் நான் பேசறேன் மேடம். ‘நானே நின்னு ஊத்தினேன்’னு அவங்ககிட்ட சொன்னவன் நான்தான்.”

இன்ஜினியரம்மா சரிபார்ப்புத் தாளை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

வியாழக்கிழமை காலை நர்ஸம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். கூரை வார்ப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தூக்கம் என்று மருத்துவமனையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார். பம்ப் வண்டியைக் காணோம். வாசல் படியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

மேஸ்திரி எதிரே வந்து நின்றார். விடிந்ததிலிருந்து ஒத்திகை பார்த்த சொற்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

“நீங்க நிக்கிற படி, அது அங்க இருக்க வேண்டியதும்மா,” என்று படுக்கையறைப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு கூடுதல் கம்பிகளிலிருந்து சைக்கிள் கம்பிவரை, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

நர்ஸம்மா குனிந்து படியைப் பார்த்தார். ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்தார், மற்றதையும் வைத்தார். உள்ளே போய், முட்டுக்கம்புகளுக்கு நடுவே வாய் பிளந்து நின்ற சுவரின் முன் நின்றார். உள்ளே கையை விட்டு ஒரு கம்பியைப் பிடித்துப் பார்த்தார்.

“நேத்து இதுமேலதான் கை வெச்சேன்.”

“ஆமாம்மா.”

“நீங்க போய்த் தூங்கச் சொன்னீங்க. நானும் தூங்கினேன்.”

நர்ஸம்மா கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினார்.

“மத்த சுவர் எல்லாம்?”

“முழுக்கக் குத்திப் பாத்துட்டேன். நிறைஞ்சிருக்கு.”

நர்ஸம்மா கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று புரிய மேஸ்திரிக்கு ஒரு கணம் ஆயிற்று. சட்டைப்பையிலிருந்து சைக்கிள் கம்பியை எடுத்துக் கொடுத்தார்.

“அக்கா, முனை கூரு. கைல ஏத்திக்காதீங்க,” என்றார் ரசமட்டம் மெல்ல.

“தினம் நூறு ஊசி போடறவ தம்பி நான்.”

அவர் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு அறைமூலையில் தொடங்கினார். தோளுயரத்தில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று, முழங்காலளவில் ஒன்று. டிக். டிக். டிக். ஒரு சாண் நகர்ந்து மறுபடியும். அவர் கண்ணில் இரவு வேலையின் சிவப்பு அப்படியே இருந்தது. மேஸ்திரி ஓரடி பின்னால் நடந்தார். நேற்று அதே இடங்களை அவரே குத்திப் பார்த்திருந்தார். விடை அவருக்குத் தெரியும். இருந்தும் கம்பி தெர்மாகோலுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் காதைச் சாய்த்தார். டிக் என்ற பிறகே நிமிர்ந்தார். நர்ஸம்மா முதல் சுவரை முடித்து, திரும்பிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போனார். வீட்டில் இன்னும் பதினொரு சுவர்கள் இருந்தன.